கரண்ட் போயிருச்சு

2025 பெப்ரவரி 10, திங்கட்கிழமை. மாலை நாலரை இருக்கும். புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதும் கடையில் லைட் இல்லை. வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அம்மாவிடமிருந்து கோல் வர, ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

“தம்பி, கரண்ட் போயிருச்சுய்யா.”

“இங்கயுந்தாம்மா. போனா வரும். ஒன்றரை மணித்தியாலந்தானே.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரிய்யா, நீ வேலையப் பாரு” என்று வைத்துவிட்டார்.

கரண்ட் எங்கள் வீட்டுப் பூனை. அன்று பகலே செத்துப்போயிருந்தான். அம்மா அவனைப் புதைத்து, தலைமுழுகி, நான் தேத்தண்ணி குடிக்கும் நேரம் வரட்டும் என்று காத்திருந்து எடுத்த கோல் அது.

அந்த மூன்று நாளும் நாட்டில் யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் என் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். முந்திய நாள் ஞாயிறு, பகல் பதினொன்றரை வாக்கில் இலங்கை முழுக்க ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. அந்த இடியில் நுரைச்சோலை அனல் மின்நிலையமும் படுத்துவிட, திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு என்று அறிவித்தார்கள். ‘கரண்ட் போயிருச்சு’ என்பதுதான் அப்போது நாடு முழுக்கப் பேச்சு.

அந்த ஞாயிறு பகல் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். “நாடு பூரா கரண்ட் இல்லியாம். நம்ம வூட்டுல மட்டும் இருக்கு, கேளு.” அப்புறம் போனை அவன் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். கர்ர்ர் என்று ஒன்பது விநாடி. நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்த கதையும் ஒரு மின்வெட்டுக் கதைதான். 2022 மார்ச் மாதத்தின் கடைசி நாள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டு என்று நாடே வெறுத்துப்போயிருந்த நேரம். கடையில் டீசலும் இல்லை, சாமானும் இல்லை. முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார், அதில் நானும் ஒருவன். டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், இருட்டில், அம்மாவும் நானும் ஒரு மெழுகுதிரியை அளந்து அளந்து எரித்துக்கொண்டிருந்தோம். ராத்திரி லைட் வந்தவுடன் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போல “கரண்ட் வந்துருச்சு!” என்று கத்தினார்கள். அம்மா குசினிக்குள் போனார். அணைந்த அடுப்புக்குள், சாம்பல் மேல், சாம்பல் நிறத்திலேயே ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வெள்ளை மூக்கு மட்டும் இல்லாவிட்டால் கரியோடு கரியாக வாரிக் கொட்டியிருப்போம்.

“இதுதான் வந்த கரண்டா?” என்றார் அம்மா.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் எங்களுக்கு அது பாதி உண்மையாகவே இருந்தது. கோதுமை மா விலை ஏறிய ஏற்றத்தில் ரொட்டியின் கனம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது. அதனாலோ என்னவோ அம்மாவுக்கு அவன் அடுப்பில் படுப்பது ஆகவே ஆகாது. “பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?” என்று மூன்று தடவை கொண்டுபோய் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார். மூன்று தடவையும் அவருக்கு முன்னால் வீட்டில் இருந்தான். நாலாவது தடவை அம்மா நெத்தலித் தலை நாலைப் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

லயத்தில் பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பூனை ஒரு வீட்டுக்குச் சொந்தமாக முடியாது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, மேலே நீளத்துக்கு ஒரே தகரம். சுவர் கூரை வரைக்கும் போகாத இடங்கள் வழியாக எலி முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை ரயில் விடும். அதே பாதையில் இவனும் போவான். ஐந்தாம் காம்பராவில் அவனுக்குச் சூட்டி என்று பெயர் இருந்ததும், அங்கே தினமும் பால்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டில் பட்டினி மாதிரி நடித்தான் என்பதும் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடப்பது அவனுக்கு ஒரு விளையாட்டு. சகுனம் பார்க்கிற இரண்டு பேர் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போய் ஒரு மிடறு தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். அவனைத் திட்டாத ஆள் லயத்தில் இல்லை.

ஆனால் ராத்திரிக்கு எங்கள் வீடுதான். முப்பது வருஷத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய முழங்கால் அம்மாவுக்கு. குளிர் காலத்தில் அதைத் தொட்டால் கத்துவார். அந்த முழங்கால் மேல்தான் அவன் படுப்பான். அப்பா போன பிறகு, தங்கை கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போன பிறகு, நான் கொழும்புக்கு வந்த பிறகு, அந்த வீட்டில் ராத்திரி மூச்சுவிட்ட இரண்டாவது உயிர் அவன்தான். அவன் வருவதற்காகக் கதவை ஒரு சாண் திறந்தே வைத்திருப்பார் அம்மா. மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். குளிருதே என்றால், “நீ மாசத்துக்கு ஒரு தடவ வாறவன், ஒனக்காகக் கதவு மாத்தேலாது” என்பார்.

சரி, அந்தத் திங்களுக்கு வருகிறேன். ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சின்னவள் கோல் எடுத்தாள். எட்டு வயது. “மாமா, கரண்ட் செத்துப் போச்சு. அம்மாயி இன்னும் சாப்பிடல்ல.”

அப்போதுதான் நாலரை மணிக் கோல் எனக்குக் கேட்டது.

முதலாளிக்கு எடுத்தேன். வீட்டில் ஒரு மரணம், நாளைக்கு லீவு வேணும், புதன் எப்படியும் போயா லீவு என்றேன். “யாரு?” என்று கேட்டார். ஒரு விநாடி. “சித்தப்பா” என்றேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது, அப்பா வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. பூனை என்று சொல்லியிருந்தால் முதலாளி லீவு தராமல் விட்டிருப்பாரோ இல்லையோ, கடையில் ஒரு வருஷத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்திருக்கும். வியாழக்கிழமை நான் திரும்பி வந்தபோது கூட வேலை செய்கிறவர்கள் ஓர் உறையில் 4,500 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். செத்த வீட்டுச் செலவுக்கு. கையில் வாங்கும்போது எனக்கு உடைந்துவிட்டது. ஊரில் வராத அழுகையெல்லாம் அங்கே, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் வந்தது. சித்தப்பா மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த உறை இன்னும் என் பெட்டிக்குள் பிரிக்காமல் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஸ் பிடித்து, ஹட்டனில் இறங்கி, ஓர் ஆட்டோக்காரனை எழுப்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை மூன்றரை. அம்மா விழித்திருந்தார். “சீட் கெடச்சதா?” என்று கேட்டார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நான் சீனியைக் கையில் வாங்கி நக்கி நக்கிக் குடித்தேன். பூனையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தப் பதிலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் எப்படித் தொடங்குவது? ‘நான் லைட்டச் சொல்றீங்கன்னு நெனச்சேம்மா’ என்றா?

விடிந்ததும் சின்னவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திக்கு மேலே, கொய்யா மரத்தடி. பன்றி தோண்டாமல் இருக்க மூன்று பெரிய கல். அந்தக் கற்களை அம்மா தனியாகத்தான் உருட்டியிருக்கிறார்.

“அம்மாயி அழல்ல மாமா. கருவாட்ட மட்டும் போட்டாங்க.”

“என்ன கருவாடு?”

“சட்டியில இருந்தது பூராவும். குழிக்குள்ள.”

எங்கள் பக்கத்தில் சாவுக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு காம்பராவில் சாவு என்றால் பன்னிரண்டு காம்பராவிலும் சாவு. வெள்ளைக் கொடி கட்டவும், தப்பு அடிக்கவும், குழி வெட்டவும், சங்கத்துக் காசைக் கொண்டுவரவும் ஆள் தானாக வரும். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று அழுகைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். எதை எப்போது செய்வது என்று துக்கக்காரன் யோசிக்கவே தேவையில்லை. பூனைக்கு இதில் ஒன்றுமே இல்லை. அம்மா தலைமுழுகியதையே இரண்டு பேர் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்த ஒரு பெரியவர், “பூனைக்கு லீவு போட்டா வந்த?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அப்பாவின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர்.

பூனைதானே என்று சொல்லாதவர் ஒருவர் இருந்தார், ஏழாம் காம்பரா அத்தை. அவருடைய கூடப் பிறந்தவர் 2014 அக்டோபர் 29 காலையில் மீரியாபெத்தையில் மண்ணுக்குள் போனவர். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய அந்தக் காலை எங்கள் ஆட்களில் யாருக்கும் மறக்காது. அந்த அத்தை ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் நாலு ரொட்டியும் கொண்டுவந்து, செத்த வீட்டுக்கு வந்த மாதிரியே இஸ்தோப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போனது. “அத்த, ஒங்களுக்கு நடந்ததுக்கு முன்னால இதெல்லாம்...” என்று இழுத்தேன்.

“கொழுந்த நிறுக்கிறது போதாதா தம்பி? இதையுமா தராசுல வைக்கச் சொல்ற?” என்றார்.

என்ன நடந்தது என்பதை அம்மா சொல்லவில்லை. டவுனுக்குக் கொண்டுபோன ஆட்டோப் பையன் சொன்னான். காலை ஒன்பது மணிக்கு ஒரு கத்தல். மனிதப் பிள்ளை கத்துவது மாதிரி. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு, முன்னங்காலால் நகர்ந்து அடுப்புக்குப் போகப் பார்த்திருக்கிறான். பாம்பு தீண்டிவிட்டது என்றார்கள் லயத்தில். அம்மா தன்னுடைய பழைய கொழுந்துக் கூடைக்குள் கம்பளியைப் போட்டு அவனைத் தூக்கி வைத்து, ஆட்டோவில் ஏறிவிட்டார். மிருக வைத்தியர் ஒரு பெண். சிங்களத்தில் சொன்னதைப் பையன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான். முன்னங்காலைத் தொடச் சொல்லி, பிறகு பின்னங்காலைத் தொடச் சொன்னாராம். முன்னது சூடு, பின்னது ஐஸ். பாதத்துச் சதை முன்னால் ரோஸ், பின்னால் நீலம். தொடையில் நாடி இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம், ஆனால் அவ்வளவு தூரம் தாங்குமா தெரியாது. வலி தெரியாமல் இருக்க இப்போது ஊசி போடுகிறேன். வேண்டுமென்றால் ஒரேயடியாகத் தூங்க வைக்கவும் முடியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாராம் வைத்தியர். அம்மா, “மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்” என்று வெளியே வந்து போனை எடுத்திருக்கிறார்.

என் போனில் அது இருக்கிறது. 10.40, மிஸ்ட் கோல் ஒன்று. அம்மாவின் மிஸ்ட் கோலுக்கு நேரம் கிடைக்கும்போது எடு என்று அர்த்தம். எனக்கு அன்று நேரம் கிடைக்கவில்லை. நான் எடுப்பேன் என்று வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். கூடை மடியில். அப்படியே போய்விட்டான்.

இதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றுவரை.

செவ்வாய் மத்தியானம் போனை வைத்துக்கொண்டு படித்தேன். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் அதிகமாகக் காண்பது இதயத் தசை தடித்துப்போவது. நல்ல சுகமாகத் தெரிகிற பூனைகளைப் பரிசோதித்த ஆய்வுகளிலேயே நூற்றுக்குப் பதினைந்து அளவில் அது இருந்திருக்கிறது. பெரும்பாலானவை அதோடேயே காலத்தை ஓட்டிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. காது வைத்துக் கேட்டாலும் சில நேரம் பிடிபடாது. சிலவற்றுக்கு மட்டும் இதயத்தின் மேலறை வீங்கி, அதில் இரத்தம் தேங்கி, கட்டியாகி, ஒரு நாள் அந்தக் கட்டி கழன்று வயிற்றுப் பெரிய நாளத்தோடு இறங்கும். நாளம் இரண்டு காலுக்கும் பிரிகிற கவட்டில் போய்ச் சிக்கும். அதிலிருந்து தேறுகிறவை கொஞ்சம்தான். ஆண் பூனைகளுக்குத்தான் கூடுதலாக வருகிறதாம். படித்து முடித்தபோது எனக்கு ஒரு கேவலமான நிம்மதி வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். 10.40க்கு நான் போனை எடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான். அவன் போயிருப்பான், சரி. அம்மா வாங்கில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டி வந்திருக்காது.

குசினியில் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நாளம், இரத்தக்கட்டி என்றெல்லாம் தொடங்கினேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் எங்கள் தண்ணிப் பைப் ஞாபகத்துக்கு வந்தது. மேலே ஊற்றிலிருந்து ஒரு பைப் இறங்கும். லயத்துக்கு மேலே பிரிந்து, ஒன்று மேல் லயத்துக்கும் ஒன்று எங்களுக்கும். மழை விட்டால் சருகு வந்து அந்தப் பிரிகிற இடத்தில்தான் அடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு லயத்திலும் தண்ணி நிற்கும்.

“மேல தொட்டி பழுதாகி, சருகு எறங்கி வந்து கவட்டுல அடச்சிருச்சும்மா. அதான் ரெண்டு காலும் ஒண்ணா போச்சு.”

அம்மா பிசைவதை நிறுத்தினார்.

“தொட்டி எப்ப பழுதாச்சு?”

“ரொம்ப நாளா இருந்திருக்கும். வெளிய தெரியாதாம்.”

“அப்ப... வெளக்குமாத்தால அடிச்சா வராதா?”

ஞாயிறு ராத்திரி, அந்த ஒன்பது விநாடிக்குப் பிறகு சில மணித்தியாலம் கழித்து, திங்கட்கிழமைக் குழம்புக்கு வைத்திருந்த கருவாட்டுச் சட்டிக்குள் அவன் தலையை விட்டிருக்கிறான். அம்மா விளக்குமாற்றை எடுத்து இடுப்பில் ஓர் அடி. ஓடிப்போனவன் ராத்திரி முழங்காலுக்கு வரவில்லை. காலையில் இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. இடுப்பில் அடித்தது தான்தான் என்று அந்த இரண்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வைத்தியர் கேட்டபோதும் சொல்லவில்லை, பயம். சட்டியில் இருந்த கருவாடு முழுவதும் ஏன் குழிக்குள் போனது என்று அப்போது விளங்கியது எனக்கு.

“இல்லம்மா. வராது. சத்தியமா வராது.”

கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வராட்டியும் அடிச்சிருக்கக் கூடாது” என்றார். பிறகுதான் அழுதார். மாவுக் கையோடு முகத்தைத் துடைக்கவும் முடியாமல், முழங்கையால் துடைத்துக்கொண்டு. நான் அந்த நாலரை மணிப் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். “நீ லைட்டத்தான் நெனச்சிருப்ப, எனக்குத் தெரியும்” என்று அவரே முடித்துவிட்டார்.

அன்று தைப்பூசம். தோட்டத்துக் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா போகவில்லை. பூனைக்கும் துடக்கா என்று யாராவது கேட்பார்கள் என்பதால், முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். இருட்டின பிறகு, சொன்ன மாதிரியே கரண்டை வெட்டினார்கள். பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை “கரண்ட் போயி...” என்று தொடங்கியது. யாரோ அதட்டியிருக்க வேண்டும், பாதியில் நின்றது. பன்னிரண்டு காம்பராவிலும் சத்தம் இல்லை. அம்மா குப்பி லாம்பைக் கொளுத்தினார். அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. அதன் வழியாகப் பனி உள்ளே வந்தது.

லைட் வந்தபோது கோயில் பக்கமிருந்த பிள்ளைகளுக்கு இது எதுவும் ஞாபகத்தில் இல்லை. “கரண்ட் வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!” என்று கத்திக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடி வந்தார்கள்.

அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எழும்பி, “சாத்தவாம்மா?” என்றேன்.

“இருக்கட்டும். பொகை போகட்டும்” என்றார். அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது.